ஹரிக்கேன் கடலைக் கடையும்போது: மேல்நீர் ஏன் குளிர்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹரிக்கேன் கடந்துபோன மறுநாள் எடுத்த கடல் வெப்பநிலைப் படத்தைப் பார்த்தால், நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு நீலப் பட்டை கிடக்கும். சுற்றிலும் 29, 30 டிகிரி செல்சியஸ். பட்டைக்குள் 26 அல்லது 25. இதைக் குளிர்த்தடம் என்று சொல்லலாம். அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், மேற்கு பசிபிக்கில் டைஃபூன், நம் பக்கம் புயல் என்று பெயர்தான் மாறுகிறது, கடலுக்குள் நடக்கும் வேலை எங்கும் ஒன்றுதான். அந்த வேலையைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகள் கீழே.

ஹரிக்கேன் கடலின் சூட்டைக் குடித்துத்தானே வளர்கிறது? அதனால்தான் கடல் குளிர்கிறதா?

முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத்தான் நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

பலமான ஹரிக்கேனின் கீழே ஒரு சதுர மீட்டர் கடலிலிருந்து, பெரும்பாலும் ஆவியாதல் வழியாக, 1,000 வாட் அளவுக்கு வெப்பம் காற்றுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு அயர்ன் பாக்ஸ் ஒன்று இழுக்கும் மின்சாரம் அது. ஒரு நாள் முழுக்க அப்படியே போனால் மொத்தம் சுமார் 8.6 கோடி ஜூல். அந்தச் சதுர மீட்டருக்குக் கீழே 50 மீட்டர் ஆழத் தண்ணீர் இருக்கிறது. அது ஒரே ஒரு டிகிரி குறைய ஏறத்தாழ 20 கோடி ஜூல் வெளியேற வேண்டும். அப்படியானால் ஒரு நாள் முழுக்கக் குடித்தும் குறைவது 0.4 டிகிரிதான். ஆனால் புயலுக்குப் பின் கடலில் அளக்கும்போது கிடைப்பது 1 முதல் 6 டிகிரி வரையிலான குளிர்ச்சி. கணக்கு உதைக்கிறது இல்லையா?

சரி, மீதிக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

அடியிலிருந்து.

வெப்பமண்டலக் கடலில் மேலே 30 முதல் 60 மீட்டர் வரை வெதுவெதுப்பான நீர் ஒரே சூட்டில் கிடக்கும். காற்றும் இரவுக் குளிரும் அதைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் அதற்குக் கலவை அடுக்கு என்று பெயர். அதற்குக் கீழே தெர்மோக்ளைன். அங்கே போகப்போக வெப்பநிலை மளமளவென்று இறங்கும். சூடான நீர் இலேசானது, குளிர்ந்தது கனமானது. அதனால் யாரும் கை வைக்காத வரை இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும். ஹீட்டர் தண்ணீரைப் பக்கெட்டில் மெதுவாக ஊற்றினால் மேலே கை சுடும், அடியில் சில்லென்று இருக்கும். கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கினால்தான் குளிக்கிற பதம் வரும். ஹரிக்கேன் செய்வதும் அதேதான். 29 டிகிரியில் 40 மீட்டர் நீர், அதன் கீழ் சராசரி 25 டிகிரியில் இன்னொரு 40 மீட்டர். இரண்டையும் கலந்தால் 80 மீட்டரும் 27 டிகிரி. ஒரு ஜூல்கூட வெளியே போகாமல் மேற்பரப்பு 2 டிகிரி குளிர்ந்துவிட்டது.

1975 செப்டம்பரில் எலோயிஸ் என்ற ஹரிக்கேன் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மிதவை நிலையத்தின் அருகே போனது. அந்தப் பதிவுகளை வைத்துக் கடலியலாளர் ஜேம்ஸ் பிரைஸ் 1981-இல் எழுதிய ஆய்வுதான் இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் திரும்பிப் போய்ப் படிப்பது. அவருடைய கணக்கில் குளிர்ச்சியில் ஏறக்குறைய 85 சதவீதம் கீழ்நீர் மேலே கலந்ததால் வந்தது. காற்று எடுத்துக்கொண்டது மிச்சம்தான்.

அவ்வளவு பெரிய அலைகள்தானே அந்தக் கலக்கலைச் செய்கின்றன?

அலைகள் உதவுகின்றன. ஆனால் மத்து வேறு. 2004-இல் ஐவன் ஹரிக்கேன் மெக்சிகோ வளைகுடாவில் எழுப்பிய ஓர் அலை, அடியிலிருந்து உச்சி வரை 27.7 மீட்டர் இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக் கருவிகள் பதிவு செய்த அளவு அது. அப்படிப்பட்ட அலையிலும்கூட நீர்த்துளி வட்டமடித்துவிட்டு ஏறத்தாழ புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். உடையும் அலையின் கொந்தளிப்பும் ஆழம் போகப்போக அடங்கிவிடும்.

உண்மையான மத்து நீரோட்டம். காற்று தள்ளித்தள்ளி மேலடுக்கு முழுவதும் விநாடிக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓட ஆரம்பிக்கிறது. கீழே தெர்மோக்ளைன் நீர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஓடும் அடுக்கும் நிற்கும் அடுக்கும் உரசுகிற எல்லையில் சுழல்கள் சுருண்டு சுருண்டு உடைகின்றன. ஒவ்வொரு சுழலும் கீழ்நீரில் கொஞ்சத்தைப் பிய்த்து மேலே சேர்க்கிறது. கலப்பு நடப்பது மேற்பரப்பில் இல்லை, 40, 60, 100 மீட்டர் ஆழத்தில், வெளியே ஒன்றும் தெரியாத இடத்தில்.

குளிர்த்தடம் புயல் பாதையின் வலப்பக்கமாகவே ஒதுங்கிக் கிடக்கிறதே, ஏன்?

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கேள்வி இது. வலப்பக்கம் காற்று பலமாக இருக்கும், அதனால்தான் என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். புயலின் சுழற்சி வேகத்தோடு அது நகரும் வேகமும் அந்தப் பக்கம் கூடுவது உண்மைதான். ஆனால் அது சிறிய காரணம். பெரிய காரணம் தாளம்.

கடல்நீரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு விட்டுவிட்டால் அது நேராக ஓடாது. பூமி சுழல்வதால் வட கோளத்தில் அதன் பாதை வலப்புறமாக வளைந்துகொண்டே போய் ஒரு வட்டம் போடும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அட்சரேகையைப் பொறுத்தது. 30 டிகிரி வடக்கில், அதாவது மெக்சிகோ வளைகுடாவின் வடகரை ஓரத்தில், ஏறத்தாழ 24 மணி நேரம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது நீளும். 13 டிகிரியில், சென்னைக்கு நேரே, 53 மணி நேரம்.

இப்போது வடக்கு நோக்கிப் போகும் ஒரு ஹரிக்கேனின் பாதைக்குக் கிழக்கே, அதாவது வலப்பக்கம், ஒரு படகு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். புயல் தென்மேற்கில் இருக்கும்போது காற்று அந்தப் படகை வடமேற்காகத் தள்ளும். மையம் நேர் மேற்கே வரும்போது வடக்காக. தாண்டிய பிறகு வடகிழக்காக. காற்றின் திசை கடிகார முள் போகும் பக்கமே திரும்புகிறது. தள்ளப்பட்ட நீரும் அதே பக்கமாகத்தான் வளைகிறது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அது போகிற பக்கமே, போகிற நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி ஏறும்? அப்படித்தான் வலப்பக்க நீரோட்டத்தின் வேகம் ஏறுகிறது. இடப்பக்கத்தில் காற்று எதிர்ப்புறமாகத் திரும்புகிறது. முதல் பாதியில் கொடுத்த வேகத்தை இரண்டாம் பாதியில் அதுவே பிடித்து நிறுத்துகிறது.

நீரோட்டம் எங்கே பலமோ அங்கே உரசல் பலம், கலப்பு பலம், குளிர்ச்சியும் பலம். பாதையிலிருந்து பல பத்து கிலோமீட்டர் வலப்புறம் தள்ளித்தான் அது உச்சத்தில் இருக்கும். தென் கோளத்தில் எல்லாமே தலைகீழ். ஆஸ்திரேலியா பக்கத்துப் புயல்கள் இடப்பக்கத்தைக் குளிர்விக்கும்.

புயல் போன பிறகும் இந்தச் சுழல் ஓட்டம் உடனே நிற்காது. ஊஞ்சலை விட்டுவிட்டுப் போன மாதிரி, மேல்நீர் பல நாட்கள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும், கலப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரும்.

புயலுக்குள் போய் இதையெல்லாம் யார் அளந்தார்கள்?

ஆட்கள் போகவில்லை, கருவிகள் போயின. 2004-இல் பிரான்சஸ் ஹரிக்கேன் அட்லாண்டிக்கில் வந்துகொண்டிருந்தபோது, அதன் பாதையில் ஒரு நாள் முன்னதாகவே விமானத்திலிருந்து மிதவைக் கருவிகளைக் கடலில் போட்டார்கள். உருளை வடிவக் கருவிகள். தாமாகவே மூழ்கும், தாமாகவே மேலே வரும், வழியெல்லாம் வெப்பநிலை, உப்பு, நீரோட்டம் எல்லாவற்றையும் பதியும். நீரோட்டத்தை அவை அளந்த விதம் அழகு. உப்புநீர் மின்சாரம் கடத்தும். அது பூமியின் காந்தப்புலத்துக்குள் நகரும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். அதை அளந்து நீரின் வேகத்தைக் கணக்கிட்டார்கள்.

பாதைக்கு வலப்பக்கம், சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி இருந்த கருவிக்குத்தான் நல்ல வேட்டை. விநாடிக்கு ஒன்றரை மீட்டர் நீரோட்டம், 120 மீட்டர் ஆழம் வரை கலப்பு, மேற்பரப்பில் 2.2 டிகிரி குளிர்ச்சி. பிரைஸ் காகிதத்தில் போட்ட கணக்கைக் கடலே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

மேற்பரப்பை மட்டும் பார்க்க இப்போது செய்ல்ட்ரோன் என்ற ஆளில்லாப் பாய்மரப் படகும் இருக்கிறது. 2021 செப்டம்பர் 30 அன்று சாம் ஹரிக்கேனுக்குள் நுழைந்து, 15 மீட்டர் அலைகளுக்கு நடுவே வீடியோவே எடுத்து அனுப்பியது.

மெதுவாகப் போகும் புயல் அதிகம் குளிர்விக்குமா?

ஆமாம், அதற்கு இரண்டு காரணங்கள். ஒரே இடத்தை அதிக நேரம் கலக்குகிறது என்பது ஒன்று. இன்னொன்று மேலெழுச்சி. புயலின் காற்று மேல்நீரை மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒதுக்குவதால், அந்தப் பள்ளத்தை நிரப்பக் கீழ்நீர் மேலே ஏறுகிறது. வேகமாக ஓடும் புயலில் அந்த நீர் ஏறி வருவதற்குள் புயலே போய்விடும். மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கீழே நடைபோடும் புயலில் மையத்தின் அடியிலேயே வந்து நிற்கும்.

2000 ஜூலையில் கைடாக் டைஃபூன் தென் சீனக் கடலில் மூன்று நாட்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேற்பரப்பு சுமார் 9 டிகிரி குளிர்ந்தது. கீழ்நீரோடு உரச்சத்தும் வந்ததால் நுண்பாசி செழித்து, பச்சையத்தின் அளவு சராசரியாக 30 மடங்கு ஏறியதைச் செயற்கைக்கோள் பார்த்தது.

குளிர்ந்த நீர் புயலையே பலவீனமாக்காதா?

ஆக்கும். புயல் தன் காலடியில் தானே தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்துக்கொள்கிறது. ஆனால் எங்கே குளிர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். படத்தில் கண்ணைப் பறிக்கும் நீலப் பட்டை பெரும்பாலும் புயலுக்குப் பின்னால் கிடக்கிறது. புயல் போன பிறகு அது எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தப் புயலுக்கு ஒன்றுமில்லை. புயலின் கண்ணுக்கும், அதைச் சுற்றிப் பலமான காற்று வீசும் கண்சுவருக்கும் நேர் கீழே எவ்வளவு குறைந்தது என்பதுதான் கணக்கு. அங்கே இரண்டரை டிகிரி குறைந்தாலே புயலுக்குக் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ நின்றுவிடும் என்று புயல் ஆய்வாளர் கெர்ரி இமானுவேல் 1999-இல் மதிப்பிட்டார். அதனால் அங்கே அரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் முன்னறிவிப்பு மாறிப்போகும்.

இதனால்தான் அமெரிக்காவில் 2001-லிருந்து புயல் மாதிரிகளில் கடல் மாதிரியையும் இணைத்து ஓட்டுகிறார்கள். அதற்கு முன் கணினிக்குள் இருந்த கடல், எவ்வளவு காற்றடித்தாலும் குளிராத கடலாக இருந்தது.

மேற்பரப்பு வெப்பநிலை ஒன்றைப் பார்த்தால் போதாதா?

போதாது. காத்ரினா ஹரிக்கேன் நல்ல சாட்சி. 2005 ஆகஸ்ட் கடைசியில் மெக்சிகோ வளைகுடாவின் மேற்பரப்பு பெரும்பகுதி 30 டிகிரியை ஒட்டியே இருந்தது. மேலே கை வைத்துப் பார்த்தால் எங்கும் ஒரே சூடு. ஆனால் கரீபியனிலிருந்து உள்ளே வளைந்து வரும் வளைய நீரோட்டத்திலும் அதிலிருந்து பிரிந்த சூடான நீர்ச்சுழல்களிலும் 26 டிகிரி நீர் 100 மீட்டருக்கும் கீழே வரை இருந்தது. பக்கத்து வளைகுடா நீரில் அதில் பாதி ஆழம்கூட இருக்காது. காத்ரினா அந்த ஆழமான சூட்டின் மேல் போனது. எவ்வளவு கலக்கியும் கீழிருந்து வந்ததும் சூடான நீரே. ஆகஸ்ட் 28 அன்று காற்று மணிக்கு 280 கிலோமீட்டரைத் தொட்டது. சில வாரங்களில் அதே நீரின் மேல் ரீட்டா ஹரிக்கேனும் ஐந்தாம் வகைக்கு, அதாவது மிகப் பலமான வகைக்கு, ஏறியது.

இதை அளக்க 1972-இலேயே லைப்பர், வோல்கெனாவ் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். 26 டிகிரிக்கு மேலுள்ள நீர் முழுவதிலும் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று கூட்டிப் பார்ப்பது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இந்தியப் பெருங்கடலுக்கு இந்த அளவைத்தான் வரைபடமாக வெளியிடுகிறது.

ஐரீன் ஹரிக்கேன் எதிர்பார்த்ததைவிட வலுவிழந்து கரைக்கு வந்தது ஏன்?

2011 ஆகஸ்டில் ஐரீன் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக வடக்கே ஏறியபோது, பாதையைச் சரியாகக் கணித்த முன்னறிவிப்பு பலத்தில் தப்புக் கணக்குப் போட்டுவிட்டது. காரணம் நியூ ஜெர்சிக்கு எதிரே கடலுக்கடியில் இருந்தது.

அந்தக் கண்டத்திட்டில், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில், கோடைக்காலத்தில் மேலே ஒரு மெல்லிய சூடான நீர்ப்போர்வை. அதன் அடியில் போன குளிர்காலத்து நீர் அப்படியே தேங்கிக் கிடக்கும், பிரிட்ஜில் வைத்த தண்ணீர்போல. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கிளைடர் என்ற ஆளில்லாக் கருவி ஒன்று, சிறகு வைத்த டார்பிடோ மாதிரி இருக்கும், அந்த நேரம் அங்கே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது அனுப்பிய பதிவில்தான் விஷயம் பிடிபட்டது. புயலின் கண் வருவதற்கு முன்பே கடல் குளிர்ந்துவிட்டது!

நடந்தது இதுதான். புயலின் முன்பக்கக் காற்று மேல்நீரைக் கரையை நோக்கித் தள்ளியது. கரையில் நீர் ஏறியதும், அந்த அழுத்தத்தில் அடிநீர் எதிர்ப்பக்கமாக, ஆழ்கடலை நோக்கி ஓட ஆரம்பித்தது. ஆழ்கடலில் கீழடுக்கு சும்மா நிற்கும். இங்கே அது எதிர்த்திசையில் ஓடுகிறது. உரசல் இரட்டிப்பு. கண் வந்து சேர்வதற்குள் குறைந்தது 6 டிகிரி, சில இடங்களில் 11 டிகிரி வரை மேற்பரப்பு குளிர்ந்திருந்தது. 1985 முதல் 2015 வரையிலான மிதவைப் பதிவுகளைப் புரட்டியபோது, கோடையில் அந்தத் திட்டைக் கடந்த 11 புயல்களிலும் இதே கதை. கால் நூற்றாண்டுப் பதிவு இருந்தும், ஐரீன் வரும் வரை யாரும் அதை இந்தக் கண்ணோடு பார்க்கவில்லை.

வங்காள விரிகுடாவிலும் இதே மாதிரி குளிருமா?

மாதத்தைப் பொறுத்தது. ஏப்ரல், மே மாதப் புயல்கள் 2, 3 டிகிரி குளிர்விக்கும். மழைக்காலத்துக்குப் பின், அக்டோபர், நவம்பரில் விரிகுடாவின் வடபகுதியில் வரும் புயல்களின் கீழே குளிர்ச்சி பெரும்பாலும் ஒரு டிகிரியைத் தாண்டாது.

கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி நீரும் மழைநீரும் அப்போது கடல்மேல் நன்னீர்ப் படலமாக விரிந்திருக்கும். உப்பு குறைந்த நீர் இலேசானது, கீழே உள்ள உப்புநீரோடு எளிதில் கலக்காது. அப்புறம் இன்னொரு விஷயம்: அந்தப் படலத்துக்கு நேர் கீழே இருப்பது குளிர்ந்த நீர் இல்லை. அது மேல்நீரின் அதே சூட்டில், சில சமயம் அதைவிடச் சூடாகவே இருக்கும். புயல் கஷ்டப்பட்டுக் கலக்கினாலும் சூட்டோடு சூடுதான் சேரும். அடுப்பு அணையாது. அட்லாண்டிக்கில் அமேசான், ஒரினோகோ ஆறுகளின் நன்னீர் பரவும் இடத்திலும் இதே வேலை நடக்கிறது. அப்படிப்பட்ட உப்புத்தடுப்பு அடுக்குகளின் மேல் போகும் புயல்கள் ஏறத்தாழ 50 சதவீதம் வேகமாக வலுப்பெறுவதாக 2012-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

ஒரு புயல் கலக்கிவிட்டுப் போன இடத்தில் அடுத்த புயல் வந்தால்?

வழக்கமாக அடி வாங்கும். 1998 ஆகஸ்டில் பானி என்ற ஹரிக்கேன் விட்டுச்சென்ற குளிர்த்தடத்தின் மேல் டேனியல் வந்து வலுவிழந்தது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் நுண்ணலைக் கருவியோடு, மழையை அளக்கும் டிஆர்எம்எம் செயற்கைக்கோள் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்ததால், இது படமாகவே பதிவானது. மேற்பரப்பு பழைய நிலைக்கு வர 5 முதல் 20 நாட்கள் வரை பிடிக்கும் என்பதால், பின்னாலேயே வரும் புயலுக்குத்தான் இந்த ஆபத்து.

ஆனால் 2018-இல் அலபாமா கரையோரத்தில் நேர்மாறாக நடந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் கோர்டன் என்ற சிறு புயல் வந்து, ஆழம் குறைந்த அந்தக் கடலை அடி வரை கலக்கி, அடியில் தேங்கியிருந்த குளிர்நீரைத் தீர்த்துவிட்டது. அதன்பின் வந்த வெயில் அலை மேலிருந்து அடி வரை எல்லாவற்றையும் சூடாக்கியது. அக்டோபர் 10 அன்று மைக்கேல் ஹரிக்கேன் அந்த வழியாக வந்தபோது, கலக்கி மேலே கொண்டுவரக் கீழே குளிர்நீரே இல்லை. அது ஐந்தாம் வகைப் புயலாகவே புளோரிடாவில் கரையேறியது.

கீழே போன சூடு என்ன ஆகிறது?

கலக்கும்போது குளிர் மேலே வருகிறது என்றால், சூடு கீழே போயிருக்க வேண்டும். மேற்பரப்பை வெயில் சில வாரங்களில் மறுபடி சூடாக்கிவிடும். ஆழத்துக்குப் போனதோ அங்கேயே இருக்கும். ஆக, மொத்தத்தில் கடலுக்கு வரவு. இந்த வெப்பம் கடலின் உலகளாவிய வெப்ப ஓட்டத்தில் பெரும் பங்கு வகிக்கலாம் என்று 2001-இல் இமானுவேல் எழுதினார். பிற்பாடு வந்த மதிப்பீடுகள் அதைக் கணிசமாகக் குறைத்தன. குளிர்காலத்தில் கலவை அடுக்கு தானாகவே ஆழமாகும்போது, அந்தச் சூட்டில் ஒரு பகுதி திரும்ப மேலே வந்து காற்றுக்குப் போய்விடுகிறது. எனக்கு இரண்டாவது தரப்புதான் நியாயமாகப் படுகிறது.

பம்ப் வைத்துக் கீழ்நீரை மேலே இறைத்து, புயல் வருமுன்பே கடலைக் குளிர்விக்க முடியாதா?

யோசனை பழையது, காப்புரிமைகூடக் கேட்டிருக்கிறார்கள். மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2022-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2,60,000 சதுர கிலோமீட்டர் கடலை 2 டிகிரி குளிர்வித்தால் புயல் 15 சதவீதம் வலுவிழக்கும். தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு பரப்பு அது. புயல் அந்தப் பரப்பின் மேலேயே வர வேண்டும், வருமுன் நாலைந்து நாட்களுக்குள் அவ்வளவு நீரையும் இறைத்து முடித்திருக்க வேண்டும். அந்த அளவு பம்ப் வேலையை இதுவரை செய்து காட்டியிருப்பது புயல் ஒன்றுதான்.